கையில் ரத்தம் படாமல் கொடுமை செய்வது எப்படி?

கொடுமைக்கும் ஒரு பாடத்திட்டம் உண்டு. வகுத்தவர் லண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த். 1751-இல் 'கொடுமையின் நான்கு நிலைகள்' என்ற தலைப்பில் நான்கு அச்சுப் படங்களை வெளியிட்டார். படம் ஒன்று ஒரு ஷில்லிங். ஏழை எளியவர்களுக்கும் எட்டட்டும் என்று மரக்கட்டை அச்சில் இன்னும் மலிவாகப் போடப் பார்த்து, செலவு கட்டுப்படியாகாமல் இரண்டு படத்தோடு நிறுத்திக்கொண்டார். லண்டன் தெருக்களில் விலங்குகள் படும் பாட்டைக் குறைக்கத்தான் வரைந்தாராம். வீட்டில் டிரம்ப் என்று ஒரு பக் நாய் வளர்த்தவர் (நீங்கள் நினைக்கும் டிரம்ப் இல்லை), வேறெப்படி இருப்பார்? அவர் நோக்கம் கிடக்கட்டும். நமக்கு வேண்டியது செய்முறை. கிள்ளான் பள்ளத்தாக்கு வாசிகளுக்குத் தோதாக அதைத் திருத்தித் தருகிறேன்.

பிள்ளைப் பருவத்திலேயே தொடங்கிவிடுங்கள். ஹோகார்த்தின் நாயகன் டாம் நீரோ, செயின்ட் ஜைல்ஸ் வட்டாரத்தின் தர்மக் காசில் வளரும் பையன். முதல் படத்தில் ஒரு நாயை அமுக்கிப் பிடித்து அம்பால் குத்துகிறான். பக்கத்தில் ஒருவன் நாய் வாலில் எலும்பைக் கட்டுகிறான். இன்னொருவன் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் பறவையின் கண்ணைக் குத்துகிறான். நம் தாமான்களில் எலும்புக்குப் பதில் பட்டாசு. தீபாவளிக்கு முந்தின வாரம் பையன் அதை நாய் வாலில் கட்டும்போது, "டேய், கை பத்திரம்!" என்று மட்டும் சொல்லிவிட்டு முறுக்கு சுடப் போய்விடுங்கள். படத்தில் ஒரு நல்ல பையனும் இருக்கிறான். தன் கையிலுள்ள பலகாரத்தைக் கொடுத்து, நாயை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறான். அப்படியொன்று உங்கள் வீட்டில் பிறந்திருந்தால் கவலை வேண்டாம். 'பயந்தாங்கொள்ளி' என்று நாலு பேர் முன்னால் கூப்பிட்டு வந்தால் தன்னால் சரியாகிவிடும்.

இரண்டாம் படத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நீரோ இப்போது வாடகைக் குதிரைவண்டி ஓட்டுகிறான். குதிரை கால் ஒடிந்து கிடக்கிறது. அவன் சாட்டைப் பிடியால் அதைச் சாத்துகிறான். எல்லாக் கண்ணும் அவன்மேல். வண்டிக்குள் எட்டிப் பாருங்கள்: நான்கு வழக்கறிஞர்கள், வாடகையைப் பங்கு போட்டு மிச்சம் பிடிக்க ஒரே வண்டியில் திணித்துக்கொண்டு வந்தவர்கள். அந்தப் பாரத்தில்தான் வண்டி குடைசாய்ந்தது. அடுத்தடுத்த படங்களில் நீரோ ஒரு கர்ப்பிணியைக் கொல்கிறான், தூக்கில் தொங்குகிறான், மருத்துவர்கள் அவன் உடலை மேசையில் போட்டு அறுக்கிறார்கள், அவன் இதயத்தை ஒரு நாய் மோப்பம் பிடிக்கிறது. வழக்கறிஞர்கள்? அதற்குப் பிறகு அவர்களைக் காணோம். அடுத்த வண்டி பிடித்திருப்பார்கள். ஆகவே அன்பர்களே, நீரோ ஆகாதீர்கள். வழக்கறிஞர் ஆகுங்கள்.

ரொம்பச் சுலபம். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருந்துகொண்டு, பிள்ளையின் பிறந்தநாளுக்கு நல்ல சாதி நாயாக வாங்குங்கள். கருத்தடைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். மிலோ அட்டைப்பெட்டி இலவசம். குட்டிகளை அதில் போட்டு விடியற்காலையில் கோயில் வாசலில் வைத்துவிட்டால் உங்கள் பொறுப்பு முடிந்தது, சாமி பார்த்துக்கொள்ளும். கிள்ளானில் பட்டறை வைத்திருக்கிறீர்களா? மூன்றடிச் சங்கிலியில் கட்டிப் போட்டு, அதற்குக் 'காவல்' என்று பெயர் வையுங்கள். தெருநாய் தொல்லையா? நகராண்மைக் கழகத்துக்கு ஒரு போன். "வந்து பிடித்துக்கொண்டு போங்க, சார்" என்பதோடு நிறுத்துங்கள். எங்கே கொண்டுபோவார்கள், பிறகு என்ன ஆகும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பதில் தெரிந்தால் தூக்கம் கெடும்.

இந்த வித்தையின் உச்சத்தைக் காட்டியது கெத்தாம் தீவு. போர்ட் கிள்ளானிலிருந்து படகேறி, கடல் உணவுக்காகக் குடும்பத்தோடு போவோமே, அதேதான். 2009-இல் அங்கே தெருநாய்கள் பெருகிவிட்டன என்று, நூற்றுக்கணக்கானவற்றைப் பிடித்து, ஆள் இல்லாத பக்கத்துச் சதுப்புத் தீவுகளில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே குடிக்கத் தண்ணீர் இல்லை, தின்ன எதுவும் இல்லை. செத்ததை உயிரோடிருந்தது தின்றது. யாராவது ஒரு நாயை அடித்தார்களா? இல்லை. சாட்டையே எடுக்காமல் வேலை முடிந்தது.

சாட்டை எடுப்பவனுக்கு ஆபத்து அதிகம். ஹோகார்த்தின் இரண்டாம் படத்தில் ஒருவர் நீரோவின் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்கிறார். இப்போது அந்த வேலையைக் கேமரா செய்கிறது. 2018 செப்டம்பரில் கோம்பாக் சுயசேவைச் சலவைக் கடையில் ஒரு கர்ப்பிணிப் பூனையை உலர்த்தும் இயந்திரத்துக்குள் போட்டு ஓடவிட்டவர்களைக் கடைக் கேமரா காட்டிக்கொடுத்தது. அவர்களில் ஒருவருக்கு 34 மாதச் சிறை, 40,000 வெள்ளி அபராதம். பழைய 1953-ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தில் நெடுங்காலம் 200 வெள்ளியோடு தப்பித்திருக்கலாம். 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் வதைப்பவருக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை என்கிறது. சட்டம் கையைத்தான் தேடும். இங்கிலாந்திலும் இதே கதை. மாட்டையும் குதிரையையும் வதைப்பது குற்றம் என்று 1822-இல்தான் சட்டம் போட்டார்கள். சிக்கியவர்களில் பெரும்பாலோர் வண்டிக்காரர்களும் மாடு ஓட்டிகளும்.

இந்தப் பாடத்தில் தோற்றுப்போகவே பிரியப்படுகிறவர்கள் சிலர் இருப்பார்கள். உங்களுக்கும் வழி இருக்கிறது: வீட்டு நாய்க்குக் கருத்தடை செய்யுங்கள். பட்டாசைப் பையன் கையிலிருந்து பிடுங்குங்கள். வண்டி எண்ணைக் குறித்துக் கால்நடை மருத்துவச் சேவைத் துறையிடம் புகார் கொடுங்கள். நகராண்மைக் கழகத்துக்குப் போன் செய்தால், "பிடித்துப்போன நாய்களை என்ன செய்தீர்கள்?" என்று மறுவாரமும் ஒரு போன் போடுங்கள்.