கார்மேற் படகு: ஒரு சும்மாட்டியல் ஆய்வு

பாயிரம்

பாயிரம் இல்லாதது நூலாகாது என்பது மரபு. ஆகவே முறைப்படி சொல்லிவிடுகிறேன். ஆய்வுப்பொருள்: 12 அடி நீளமும் 36 கிலோ எடையும் உள்ள ஒரு கயாக். ஆய்வுக்களம்: சென்னையில் ஓர் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடம். காலம்: நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். நெறியாளர்: தெருமுனை வெல்டிங் பட்டறைக்காரர். நிதிநல்கை: கோரப்பட்டது, மனைவியால் நிராகரிக்கப்பட்டது. நோக்கம்: மேற்படி படகை மேற்படி காரின் தலையில் ஏற்றி முட்டுக்காடு வரை கொண்டுபோய்த் தண்ணீரில் விடுவது. இதனாற் பயன் யாதோ எனின், அக்கேள்வி ஆய்வெல்லைக்கு வெளியே உள்ளது.

சொல்லாராய்ச்சி

கார் என்றால் மேகம். ஆகவே ‘கார்மேற் படகு’ என்பதற்கு மேகத்தின்மேல் மிதக்கும் படகு என்று பொருள்கொள்வாரும் உளர். அது பொருந்தாது. மழைக்கும் இத்தொடருக்கும் உறவு வேறு: 2015 டிசம்பரில் சென்னைத் தெருக்களுக்குப் படகுகள் தாமாகவே வந்தன. அன்று படகைக் காரில் ஏற்றும் தேவை எழவில்லை. காரைப் படகில் ஏற்றமுடியுமா என்றுதான் பலரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த சொல் ‘கேரியர்’. தமிழில் இதற்கு நான்கு பொருள். சைக்கிளின் பின்னால் இருப்பது, சாப்பாடு எடுத்துப்போகும் அடுக்கு, கார்க் கூரைமேல் பொருத்தும் சட்டகம், மாமியார் மருமகனிடம் கவலையோடு விசாரிப்பது. இக்கட்டுரை மூன்றாவதைப் பற்றியது. நான்காவதன்மீது இந்த ஆய்வு ஏற்படுத்தியுள்ள பாதிப்பு தனியே ஆராயத்தக்கது.

முன்னோடிகள்

தலையில் சுமப்பதைப் பற்றித் தமிழருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பழந்துணியைச் சுருட்டி வளையமாக்கித் தலையில் வைத்தால் அது சும்மாடு. குடத்தின் எடை உச்சந்தலையில் ஒரே புள்ளியில் குத்தாமல் வட்டமாகப் பரவுகிறது. எடை மாறுவதில்லை, அது உட்காரும் பரப்பு மாறுகிறது. கார்க் கூரைக்குச் செய்ய வேண்டியதும் இவ்வளவுதான். கூரைத் தகரம் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாதது. அதன் நடுவே படகை வைத்தால் பள்ளம் விழும். எடையைத் தகரத்தில் விடாமல், கதவுகளுக்கு இடையே நிற்கும் தூண்களில் இறக்க வேண்டும். “நாலு காலும் தூண் மேல உட்காரணும் சார், தகரத்துமேல உட்காரக் கூடாது” என்று நெறியாளர் முதல் சந்திப்பிலேயே கருதுகோளை வகுத்துத் தந்தார். பிறகுதான் கேட்டார்: “என்ன சார் ஏத்தப் போறீங்க, தண்ணி டேங்க்கா?”

“படகு.”

“மீன் பிடிக்கவா?”

“இல்லை. சும்மா துடுப்புப் போட.”

அவர் வெல்டிங் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார்.

இரண்டாம் முன்னோடி சுமைதாங்கி. பழைய சாலையோரங்களில் இன்னும் சில நிற்கின்றன: நட்ட இரண்டு கல், மேலே கிடத்திய ஒரு கல். பிள்ளை பெறாமலே இறந்துபோன கர்ப்பிணிகளின் நினைவாக வைக்கும் வழக்கம் இருந்தது. தலைச்சுமையோடு தனியே நடப்பவன் இன்னொருவர் கையை எதிர்பார்க்காமல் சுமையை இறக்கி, மறுபடி ஏற்றிக்கொள்ள ஏற்ற உயரம் அதற்கு. இரண்டு கால், ஒரு குறுக்குக் கட்டை. சுமைதாங்கிக்குச் சக்கரம் வைத்தால் அதுவே கேரியர் என்பது என் துணிபு. உயரம் பற்றிய ஒரு குறை உண்டு, அது பின்னர்.

மூன்றாவது, கட்டுமரம். ஆங்கிலம் நம்மிடம் வாங்கிக்கொண்ட சொல். கட்டுமரக்காரருக்குக் கேரியர் தேவைப்படவில்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்ப்பார்கள். மரம் தனித்தனியாகப் பிரிந்துவிடும். ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிப்போய்க் காயவைப்பார்கள். கயாக்கைக் கண்டுபிடித்த வடதுருவப் பகுதி இனுயிட் மக்களும் புத்திசாலிகளே. மரம் அல்லது எலும்புச் சட்டத்தின்மேல் சீல் தோலைப் போர்த்தி, ஒருவனே தூக்கும் எடையில் செய்தார்கள். அதே வடிவத்தைப் பாலிஎத்திலீனில் அச்சு வார்த்து ஒரே துண்டாக்கிய பிறகுதான் தொல்லை வந்தது. அவிழ்க்கவும் முடியாது, தனியே தூக்கவும் முடியாது.

நான்காவது, அம்பாசடர். கூரை ஓரத்தில் மழைநீர் வடிய ஒரு விளிம்பு இருக்கும். கேரியரின் கால்களை அதில் கவ்வவைத்துத் திருகினால் தீர்ந்தது வேலை. பெட்டி, படுக்கை, பலாப்பழத்தோடு குடும்பமே பழனிக்குப் போய்வரும். 2014இல் அந்தக் கார் உற்பத்தி நின்றது. இன்றைய கார்களில் அந்த விளிம்பு இல்லை. பழைய கார் உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் அம்பாசடர் கேரியரின் கால்கள் எனக்குக் கிடைத்தன. அவற்றை மாட்டத்தான் இடம் கிடைக்கவில்லை.

செய்முறை

முன்பக்கக் கட்டை, மரம். ஆசாரிகள் ‘நாலுக்கு ரெண்டு’ என்று சொல்லும் சட்டம். இதைப் படுக்கவைத்தால் நான்கு அங்குலம் அகலம், நிமிர்த்தினால் நான்கு அங்குலம் உயரம். நிமிர்த்திய சட்டம் வளைவதற்கு நான்கு மடங்கு அதிகம் முரண்டு பிடிக்கும். வளையாமை உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தைச் சார்ந்தது என்பது பொறியியல். “படுத்தா தொங்கும், நின்னா தாங்கும்” என்பது ஆசாரி. இரண்டாவது சுருக்கமாக இருப்பதால் இக்கட்டுரை அதையே ஏற்கிறது.

பின்பக்கக் கட்டை, ஓரங்குல ஜிஐ பைப். அதன்மேல் 40 மி.மீ. பிவிசி குழாய் ஒன்றைச் செருகினேன். அது சுழலும். இதுதான் இந்த ஆய்வின் புதிய பங்களிப்பு. படகின் மூக்கை மட்டும் தூக்கி உருளைமேல் சாய்த்தால் கைக்கு வருவது பாதி எடை, 18 கிலோ. பிறகு வாலைத் தூக்கித் தள்ளினால் படகு உருண்டு முன்னே போகும். 36 கிலோவை ஒரேயடியாகத் தூக்காமல் 18 கிலோவை இரண்டு தடவை தூக்குகிறோம்.

கால்கள்: கூரை விளிம்பின் வளைவுக்கேற்ப இழைத்த மரக்கட்டைகள், அடியில் சைக்கிள் டியூப். கதவைத் திறந்து, இரும்புப் பட்டையின் கொக்கியை உட்பக்க விளிம்பில் மாட்டி போல்ட்டால் இறுக்க வேண்டும்.

இனி எடைக்கணக்கு. என் காரின் கையேடு கூரையில் 50 கிலோவுக்கு மேல் ஏற்றாதே என்கிறது. படகு 36, கேரியர் 12. மீதம் 2 கிலோ. அதாவது துடுப்புப் போட்டுத் திரும்பும்போது படகுக்குள் இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் தங்கக் கூடாது.

காற்றும் கயிறும்

கேரியர் படகைத் தாங்கும், பிடித்துவைப்பது கயிறு. காற்றின் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 40 கி.மீ. வேகத்தில் இருந்தது 80இல் இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். 80 கி.மீ. வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பலகையை நேராக நிறுத்தினால் ஏறத்தாழ 30 கிலோ எடைக்கு இணையாகக் காற்று தள்ளும். படகின் மூக்கு கூர்மையானதால் அவ்வளவு வாங்காது. ஆனால் முன்னும் பின்னும் தனித்தனியே கட்டிக் கீழே இழுத்துவைக்காவிட்டால், காற்று அடியில் புகுந்து மேலே கிளப்பப் பார்க்கும்.

நைலான் கயிறு இழுபடும். இறுகக் கட்டிவிட்டோம் என்று நம்பவைத்து, பத்து கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். பாலியஸ்டர் பெல்ட் அப்படி ஏமாற்றாது. ஆனால் அளவுக்கு மீறி இறுக்கினால் சித்திரை வெயிலில் இளகிய படகின் வயிறு ஒட்டிப்போகும். தட்டையான பெல்ட்டைக் காற்றில் நேராக விட்டால் தம்புராவைப் போல ரீங்கரிக்கும். ஒரு முறுக்குக் கொடுத்துக் கட்டினால் மௌனமாகிவிடும். வீட்டு உறவுகளுக்கு இவ்விதி பொருந்தாது, சோதித்துப் பார்த்தாயிற்று.

நீட்டிக்கொண்டிருக்கும் வாலுக்குச் சிவப்புத் துணி கட்ட வேண்டும். அனுமதித்த அளவைத் தாண்டிச் சுமை நீண்டால் 20,000 ரூபாய் அபராதம் என்கிறது 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். அந்தத் தொகைக்குக் கடையில் நல்ல கேரியராகவே வாங்கியிருக்கலாம் என்ற மனைவியின் இடையீட்டை ஆய்வுநேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

கண்டறிந்தவை

நான்காம் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குச் சோதனை. மூக்கைத் தூக்கினேன்; உருளைமேல் உட்கார்ந்தது. வாலைத் தூக்கித் தள்ளினேன். படகு அழகாக முன்னே உருண்டது. கை மாற்றுவதற்காக ஒரு நொடி விட்டேன். உருளைக்கு உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒன்றுதான் என்பது அப்போது தெரிந்தது. வாயில்காவலர் ஓடிவந்து வாலைப் பிடித்திராவிட்டால் இக்கட்டுரையை வேறொருவர் எழுதியிருப்பார்.

பிழை எங்கே? சுமைதாங்கி சுமப்பவனின் தோளுயரத்துக்காகக் கட்டப்பட்டது. காரோ வரிக்காகக் கட்டப்பட்டது. 2006 பட்ஜெட்டிலிருந்து 4 மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார்களுக்கு வரி குறைவு. நீளத்தை அளக்கும் சட்டம் உயரத்தை அளப்பதில்லை. என் கார் உயரமான ரகம். கேரியரோடு சேர்த்தால் என் தலைக்கு மேல் ஒரு சாண். சுமைதாங்கியிடம் கடன்வாங்கிய வடிவத்தில் அதன் உயிரான அந்த உயரத்தை மட்டும் விட்டுவிட்டேன். சும்மாட்டைத் தலையில் வைத்தவருக்கும் குடத்தைத் தூக்கிவிட ஒரு கை தேவைப்பட்டதே என்பது தாமதமாகத்தான் உறைத்தது.

முடிபு: கேரியருக்குக் கால் நான்கு, கட்டை இரண்டு, ஆள் இரண்டு. முதல் இரண்டும் தயார். படகு இப்போது வராந்தாவில் கவிழ்ந்து கிடக்கிறது. அதன்மேல் வற்றல் காய்கிறது. ஞாயிறு அதிகாலை ஐந்தரைக்கு எழக்கூடிய, 18 கிலோ தூக்கக்கூடிய, “இதெல்லாம் எதுக்கு?” என்று கேட்காத வாசகர் எவரேனும் இருந்தால் வரவும். காபி உண்டு. வற்றல் எடுத்தபிறகுதான் படகை எடுக்கமுடியும்.