எலிட இனம் கேட்டயா மனே?

வா மனே, குந்து. அந்தப் போத்தலை இப்பிடித் தா பாப்பம். "எலிகளில் நிரூபிக்கப்பட்டது." அட, தங்க எழுத்திலல்லோ அடிச்சிரிக்கான்! ஆருக்கு, உன்ட தங்கச்சிட சின்னவளுக்கா? மூத்தவன் இன்சுலின் ஊசியில நிக்கான், இவளுக்கும் அந்தச் சீனி வருத்தம் வந்திரப்படா எண்டு வாங்கினயாக்கும். நல்ல மாமன்தான்.

உன்ட உம்மும்மா கொத்தலஹிம்புட்டுக் கோப்பையில தண்ணி ஊத்திவெச்சுக் குடிக்கிறது வேற சீனிக்கு. இது காவலுக்கு வெச்சவனே வீட்டை உடைக்கிற கதை. உடம்புட காவல்படை, கணையத்தில இன்சுலின் சுரக்கிற கலங்களை எதிரி எண்டு அடிச்சுத் தள்ளுது.

எலி எண்டா வளவுக்குள்ள ஓடுற எலியில்லகா. ஜப்பானில ஷியோனோகி எண்ட மருந்துக் கம்பெனி, கண்ணில படலம் விழுற எலி வளர்க்கப்போய், தானாச் சீனி வாற வம்சத்தைக் கண்டு 1980ல எழுதிச்சு. பொட்டையில முக்கால்வாசிக்கு வரும், கடுவனுக்குக் குறைவு. இன்னொண்டு சொல்லுறன், சிரிக்காத: கூடு துப்புரவானாத்தான் அதுக்குச் சீனி கூட. கிருமி பட்ட கூட்டில குறையும். இதை உம்மும்மாக்கிட்ட சொல்லிராத, நாளைக்கே விளக்குமாத்தை எறிஞ்சிருவா.

அந்த எலியை நூத்துக்கணக்கான விதத்தில காப்பாத்திட்டாங்க மனே. குட்டியா இரிக்கக்க, காவல்படை கணையத்துக்குள்ள கால் வைக்க முந்தியே மருந்து குடுத்தா கிட்டத்தட்ட எதுவும் பலிக்கும். நிக்கோட்டினமைட் எண்ட விட்டமினும் எலியைக் காத்த. ஐரோப்பாக்காரன் நோயாளிகள்ட சொந்தக்காரர் 552 பேரைச் சேர்த்து, அதையும் வெறுங் குளிசையையும் பிரிச்சுக் குடுத்து அஞ்சு வருஷம் பார்த்தான். 2004ல முடிவு வந்த: ரெண்டு பக்கமும் ஒண்டுதான்.

நான் தறியில குந்தின காலத்தில, புதுச் சாயமொண்டை ஒரு சிட்டம் நூலில தோய்ச்சுப் பார்த்தன். மயில் கழுத்து மாதிரி நீலம். நம்பிப் பாவு முழுக்கத் தோய்ச்சு நெஞ்சன். வாங்கினவன் ஒரு துவையலோட சாறனைக் கொண்டுவந்து என்ட மூஞ்சிக்கு நேர விரிச்சான். வேட்டி மாதிரி வெள்ளை.

எலியில பலிச்சதில ஒண்டுமே ஆளுக்குத் தேறல்லையா எண்டு கேக்காத, தேறின ஒண்டு இரிக்கி. 1994ல பாரிஸில, சீனி வந்து முடிஞ்ச எலியையே ஒரு எதிர்ப்புரதம் திருப்பிச்சு. அந்த வழியில வந்த டெப்லிசுமாப் மருந்தை, வருத்தம் வாசலில நிண்ட 76 பேரில பாதிக்கு மேல ஆக்களுக்கு 14 நாள் ஏத்தினாங்க. நடுக்கணக்கில பார்த்தா, மத்தவங்களுக்கு ரெண்டு வருஷத்தில வந்த வருத்தம், இவங்களுக்கு நாலு வருஷத்தில வந்த. 2022ல அமெரிக்கா அனுமதிச்ச. எலிக்கும் ஆளுக்கும் இடையில 28 வருஷம். உன்ட கடைக்காரன் போன கிழமைதானே கடை திறந்த?

சரி, போனை எடு. எலி என்ன இனம், பொட்டையா கடுவனா, எத்தனையாம் கிழமையில மருந்து குடுத்த எண்டு கேளு. ஸ்பீக்கரில போடு மனே, நானும் கேக்கன்.