நின்றால் பாடும் வண்டி

2005 மே மாதம் டாடா ஏஸ் விற்பனைக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொல்பவர்கள் குறைவு, குட்டி யானைதான். எழுமலையில் என் அத்தை மகன் கடன் போட்டு ஒன்று எடுத்தான். அதுவரை பேருந்துக் கூரையில் ஏறிப் போன தக்காளிப் பெட்டியும் பூ மூட்டையும், உசிலம்பட்டி, செக்கானூரணி வழியாக அவன் வண்டியில் மதுரை போகத் தொடங்கின. நள்ளிரவில் கிளம்பினால்தான் விடியுமுன் சந்தையைப் பிடிக்கலாம். "அந்த நேரத்துல பாட்டு இல்லாட்டி கண்ணு சொருகுது மாப்ள" என்பான். தூங்கிப்போன ஓட்டுநர்கள் புளியமரத்தில் மோதிய சேதி எல்லாம் அந்தச் சாலையில் புதிதல்ல. அவன் பாட்டு கேட்டது பொழுதுபோக்குக்காக மட்டும் அல்ல.

கொடைக்கானல் மலையிலிருந்து கோடைப் பண்பலை, 100.5 மெகாஹெர்ட்ஸில், பகலெல்லாம் எங்கள் ஊருக்குத் துல்லியமாக வரும். நள்ளிரவுக்கு மேல் பாட்டு கிடைப்பதுதான் பிரச்சினை.

அவனுடைய அப்பா, என் மாமா, இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார். அவர் காலத்தில் ரேடியோப் பெட்டி வைத்திருக்கவே அஞ்சலகத்தில் லைசென்ஸ் எடுக்க வேண்டும்; ஆண்டுதோறும் பணம் கட்டிப் புத்தகத்தில் பதிய வேண்டும். 1980-களின் நடுவில்தான் அந்த லைசென்ஸ் ஒழிந்தது. பெட்டி இல்லாதவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. சாயங்காலம் குழாய் ஒலிபெருக்கி பாட, கீழே ஊர் உட்கார்ந்திருக்கும். இலங்கை வானொலியில் கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது குரல்களைக் கேட்டு அறிவிப்பாளர் தமிழ் என்றால் என்ன என்று கற்றுக்கொண்ட தலைமுறை அது. கடல் தாண்டி வந்த அந்த ஒலி ஏறி இறங்கும், இரையும். அதற்காக யாரும் எழுந்து போனதில்லை.

எங்கள் முறைக்கு வானத்திலிருந்தே ரேடியோ வந்தது. எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா தொடங்கிய வேர்ல்டுஸ்பேஸ் நிறுவனம், ஆசியாஸ்டார் என்ற செயற்கைக்கோளை 2000 மார்ச் 21-இல் ஏவியது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 105 பாகையில் அது நின்றது. சந்தா கட்டினால் கர்நாடக இசைக்கு ஸ்ருதி, இந்துஸ்தானிக்குக் காந்தர்வ், தமிழ்ப் பாட்டுக்கு கே.எல். ரேடியோ. ஏ.ஆர்.ரகுமான் அதன் விளம்பரத் தூதர். சென்னையில் கேட்கும் அதே ஒலி, அதே தெளிவோடு, எந்த நிறுவனமும் கோபுரம் நட நினைக்காத எழுமலைக்கும் வந்தது. இதைவிடச் சமமான ஏற்பாட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மதுரையில் உறவினர் வீட்டிலிருந்த வேர்ல்டுஸ்பேஸ் பெட்டியை வாங்கி வந்து வண்டியில் மாட்டினோம். பேட்டரிக் கடைக்காரர் 12 வோல்ட்டிலிருந்து ஒயர் இழுத்து, இடையில் ஃபியூஸ் போட்டுக் கொடுத்தார். உள்ளங்கையளவு ஆன்டெனாவை ஓட்டுநர் அறைக் கூரைமேல், கிழக்கே சற்றுத் தெற்கு பார்த்து, பாதி வானத்துக்கு மேலே நிமிர்த்திக் கட்டினோம். எங்களுக்கு மலைத்தொடர் மேற்கே. கிழக்கு வானம் திறந்து கிடக்கிறது. பெட்டியைப் போட்டதும் இளையராஜாவின் வயலின்கள் வண்டிக்குள் இறங்கின. அத்தை மகன் சாவியைத் திருகாமலே உட்கார்ந்திருந்தான்.

கிளம்பியதும் பாட்டு நின்றுவிட்டது. தெற்கிலிருந்து வடக்காக உசிலம்பட்டிக்குப் போகும் சாலையில் வண்டி திரும்பத் திரும்ப, ஆன்டெனாவின் முகமும் திரும்பியது. உசிலம்பட்டி தாண்டிக் கிழக்கே மதுரைச் சாலையில் ஏறினால் கொஞ்சம் வரும். புளியமர நிழலில் அறுந்துபோகும். 1,467 முதல் 1,492 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அந்த அலைக்கு ஈரமான இலைக்கூட்டமே தடை. சரக்கை இறக்கிவிட்டு மேற்கே திரும்பும்போது ஒன்றுமே வராது. ஓடும்போது பாட வேண்டும் என்று மாட்டிய ரேடியோ, நின்றால் மட்டும் பாடியது.

கோளாறு பெட்டியில் இல்லை. அமெரிக்காவில் எக்ஸ்எம் 2001-இலேயே வாகனங்களுக்குச் செயற்கைக்கோள் வானொலி தந்தது. சிரியஸ் அடுத்து வந்தது. 2008-இல் இரண்டும் இணைந்தன. கட்டடங்கள் மறைக்கும் நகரங்களில் அவர்கள் தரையிலும் மறு ஒலிபரப்பிகளை நிறுத்தினார்கள். பிக்கப் ஓட்டுகிறவர் கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரே அலைவரிசையை நாள் முழுக்கக் கேட்கலாம். இங்கே தரைவழி மறு ஒலிபரப்பிக்கு வழி திறக்கவே இல்லை. ஓட்டுநர்களை மனதில் வைத்து ஒரு கொள்கை வகுத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ஆனால் நின்ற இடத்தில் நல்லதும் நடந்தது. சுமை ஏற்றும் நேரமெல்லாம் வண்டி கிழக்கு பார்த்து நிற்கும்; பாட்டு வழியும். பூக்கட்டு எண்ணும் பெண்கள், டீக்கடைக்காரர், அடுத்த வண்டிக்காரர்கள் என்று ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். "அண்ணே, சத்தம் கூட்டுங்க" என்பார்கள். மாமா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "பஞ்சாயத்து ரேடியோவைத் திரும்பக் கொண்டாந்துட்டீங்கடா" என்றார். அன்றுதான் அவர் எங்களை மெச்சிப் பார்த்தேன்.

2008 அக்டோபரில் வேர்ல்டுஸ்பேஸ் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. இந்தியச் சேவை 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது.

இப்போது அத்தை மகனின் பையன் பெரிய பிக்கப் ஓட்டுகிறான். திரையோடு கூடிய ஸ்டீரியோ, புளூடூத், கைபேசியில் கோடிக்கணக்கான பாட்டு. எந்தத் திசையில் திரும்பினாலும் பாடுகிறது. அவன் தந்தை ஏங்கியது அத்தனையும் கிடைத்திருக்கிறது. எனக்கு அதில் உண்மையாகவே மகிழ்ச்சி. ஆனால் சுமை ஏற்றும் இடத்தில் இன்று ஆளுக்கொரு காதில் ஆளுக்கொரு பாட்டு. கைபேசியும் அவன் முன்பு கேட்டதை வைத்தே அடுத்ததைத் தருகிறது. முன்பின் தெரியாத ஓர் அறிவிப்பாளர், தனக்குப் பிடித்ததை நம்மேல் நம்பிக்கை வைத்துப் போடும் அந்த உறவு அதில் இல்லை. சாப்டூர் பக்கம் மலையடிவாரத்தில் சிக்னல் விட்டுப்போனால் பாட்டும் நிற்கிறது. அப்போது அவன் தேடுவது 100.5-ஐத்தான்.

விடிய விடிய விழித்திருந்து நம் சமையலறைக்குக் காய் கொண்டுவருகிறவர்களுக்காக, இரவு பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு தமிழ் அறிவிப்பாளர் கண்விழித்துப் பேச வேண்டும். எந்தச் சாலையில் மறியல், எங்கே மழை, எந்தச் சந்தையில் என்ன விலை என்று சொல்ல வேண்டும். கோபுரம் கோடை மலையில் ஏற்கெனவே நிற்கிறது.