செருப்புகளின் சமூக இடைவெளி

2020 ஏப்ரலில் எங்கள் கீரப்பாளையம் பக்கம் சமூக இடைவெளியை ஒழுங்காகக் கடைப்பிடித்தவை செருப்புகள்தான். அரசு அறிவித்த ஆயிரம் ரூபாயை வாங்க ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பு வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்துக்கு ஒரு ஜோடி செருப்பு. வெறுங்காலோடு வந்தவர்கள் சார்பில் மஞ்சள் பை, பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு கல். அவையெல்லாம் வெயிலில் கண்ணியமாகத் தள்ளித்தள்ளி நிற்க, உரிமையாளர்கள் வேப்ப மர நிழலில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, கொரோனா எப்படிப் பரவுகிறது என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

பயமில்லை என்று சொல்ல முடியாது. தாராளமாகவே இருந்தது. சேத்தியாத்தோப்பு பஸ் ஓடாமல் நடுரோட்டில் நாய்கள் படுத்துத் தூங்கிய காலம் அது. தெருமுனையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு, 'வெளியாட்கள் வரக்கூடாது' என்று அட்டை தொங்கவிட்டார்கள். முள்ளுக்குக் காவலாக ஒரே கேரம் போர்டைச் சுற்றி எட்டு இளைஞர்கள். பெரியப்பா ஐந்நூறு ரூபாய் நோட்டை மஞ்சள் தண்ணீரில் அலசி, கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டார், அதே கையால் மூக்கைச் சொறிந்தபடி.

சாயங்காலமானால் சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் டிவியில் அன்றைய எண்ணிக்கையைச் சொல்வார். கூட்டம் கூடக்கூடாது என்ற அறிவுரையைக் கேட்கப் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் தெருவே கூடும். கொசு வருமென்று ஜன்னலையும் சாத்திவிடுவார்கள்.

அந்தக் கிருமிக்கு அதைவிட வசதியான இடம் ஏது? மூச்சோடும் பேச்சோடும் வெளியே வந்து, காற்றோட்டமில்லாத அறையில் ஆற அமர மிதந்துகொண்டிருக்கும். அதன் மேலிருப்பது வெறும் கொழுப்புப் போர்வை. சோப்புப் போட்டு இருபது விநாடி தேய்த்தால் பிய்ந்துவிடும். ஆனால் பத்து ரூபாய் சோப்பை மருந்தாக மதிக்க நமக்கு மனசு வருவதில்லை. சித்த மருந்தான கபசுரக் குடிநீருக்குக் கிடைத்த மரியாதையில் பாதி அதன் கசப்புக்குக் கிடைத்தது என்பது என் கட்சி.

மே மாதம் விளையாட்டு வினையானது. சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போயிருந்த கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகள், அங்கே தொற்று பரவியதும் கிடைத்த லாரியில் ஏறி ஊர் திரும்பினார்கள். மே 4 அன்று தமிழ்நாட்டில் 527 பேருக்குத் தொற்று. அதில் கடலூர் மாவட்டம் மட்டும் 122. மறுநாள் மார்க்கெட்டையே மூடினார்கள். "மெட்ராஸ்லேர்ந்து என்னடா கொண்டாந்த?" என்று வருஷா வருஷம் ஆசையாகக் கேட்ட ஊர், அதே கேள்வியைக் கதவிடுக்கு வழியாகக் கேட்டது. நோட்டை அலசியவர்களுக்கு, பசியோடு வந்த பையனைத் தள்ளி நின்று சாப்பிட்டாயா என்று விசாரிக்கத் தோன்றவில்லை. எனக்கு இன்றும் அதில் வருத்தம்தான்.

பதறாமல் இருந்தவர் நர்சம்மா ஒருவர்தான். கையில் நோட்டும் பேனாவுமாக வீடு வீடாக வந்து, "காய்ச்சல் இருக்கா, இருமல் இருக்கா, இருந்தா மறைக்காதீங்க" என்று எழுதிக்கொண்டே போவார்.

"ரொம்ப பயமா இருக்கும்மா" என்றார் பெரியப்பா.

"பயப்படுங்கய்யா, வேணாங்கல. பயந்துகிட்டே அந்த மாஸ்க்க மூக்குக்கு மேல ஏத்துங்க."

தாடையில் கிடந்ததை ஏற்றினார். "சரிம்மா" என்று சொல்வதற்காக உடனே இறக்கினார்.