சூரைச்செடி நெழலு

வா மருமவனே. ஞாயித்துக்கிழம சபை எலெக்சன்ல செயிச்ச. திங்கக்கிழம பையோட மாமன் வீட்டு நடையில நிக்க. எவனோ போன்ல மெரட்டுனானாம்லா? வெக்கப்படாத, உக்காரு. ஒனக்கு முன்னால பெரிய ஆளு ஒருத்தரே இப்படி ஓடியிருக்காரு.

பைபிள்ல வார எலியா தீர்க்கதரிசியத்தான் சொல்லுதேன். கர்மேல் மலையில பாகால் கட்சியில 450 பேரு, இவரு ஒத்தையாளு. எந்தச் சாமி தீய எறக்குதுன்னு போட்டி. அவனுவ காலையிலருந்து குதிக்கானுவ, கத்தியால கீறிக்கிடுதானுவ, ஒரு பொறி விழல. இவரு சும்மா இருப்பாரா? ஒங்க சாமி தூங்குதாரோ என்னமோ, சத்தம் போட்டு எழுப்புங்கடேன்னு நக்கல். பொறவு இவரு செபத்துக்குத் தீ எறங்கிச்சு, மழையும் பெஞ்சுது. ஆகாப் ராசா தேருக்கு முன்னால யெஸ்ரயேல் வரைக்கும் ஓடுனாரு பாரு, அது ஓட்டம்!

அந்தச் சூடு ஆறல, ஆகாப் பொண்டாட்டி, பாகால் கட்சிக்காரி யேசபேல் ராணி ஆள் அனுப்புதா. நாளைக்கு இந்நேரம் ஒன் உசுரு இருக்காதுன்னு. ஏம்ல, கொல்லணும்னு இருக்கவ கத்தியல்லா அனுப்புவா? தகவல் சொல்லி, ஒரு நாள் தவணையும் எதுக்குக் குடுக்கா? ஓடிப் போவட்டும்னுதான். எனக்கு அப்படித்தான் படுது. இத்தனைக்கும் அந்த மழைக்கு முந்துன பஞ்சத்துல இவரு இருந்தது சாறிபாத்துல. சீதோனச் சேந்த ஊரு, யேசபேலுக்கு அப்பன் நாடு! அங்க ஒரு வெதவ சுட்ட அடையத் தின்னுட்டு தைரியமா கெடந்த மனுசன், இப்ப ஒரு தாக்கீதுக்கு தெக்கோடி பெயெர்செபாவுக்கு ஓடுதாரு. வேலைக்காரனையும் அங்கயே விட்டுட்டு, வனாந்தரத்துல இன்னும் ஒரு நாள் நட.

உசுருக்குப் பயந்து வந்தவரு, சூரைச்செடிக்குக் கீழ உக்காந்து என் உசுர எடுத்துக்கிடும்னு செபம் பண்ணுதாரு. சாவணும்னா அங்கனயே நின்னிருக்கலாம்லா? அந்தம்மா துட்டு வாங்காமலே முடிச்சுக் குடுத்திருப்பா. செபத்த முடிச்சிட்டு தூங்கிட்டாரு. தூங்குற சாமியக் கேலி பண்ணுனவர தேவதூதன் வந்து தட்டி எழுப்ப வேண்டியதாப் போச்சு.

அந்தத் தூதன எனக்கு ரொம்பப் புடிக்கும். நம்ம ஆளுவன்னா அங்கனயே மூணு பாயிண்டு பிரசங்கம் வச்சிருப்பானுவ. அவன் தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் வச்சு, எந்திரி, சாப்பிடுன்னான். அம்புட்டுதான். தின்னுட்டு திரும்பப் படுத்தாரு. அதுக்கும் ஏசல, ரெண்டாந்தரமும் எழுப்பித் தீனி. அந்தத் தெம்புலதான் 40 நாளு ஓரேப் மலைக்கு நட.

அங்க போயும் கெபிக்குள்ள பூந்துக்கிட்டாரு. இங்க ஒனக்கு என்ன காரியம்னு ஆண்டவர் கேட்டா, நான் ஒருத்தன்தான் மிச்சம்னு பொலம்பல். பெருங்காத்து, பூமியதிர்ச்சி, தீ எல்லாம் போயி, மெல்லிசா ஒரு சத்தம். திரும்ப அதே கேள்வி. இவரும் அதே பாட்ட அச்சு மாறாமப் படிக்காரு! அரமன விசாரிப்புக்காரன் ஒபதியா, 100 தீர்க்கதரிசிமார அம்பது அம்பதா கெபியில ஒளிச்சுச் சோறு போட்ட கதைய, கர்மேலுக்கு முன்னாலயே இவருகிட்ட நேருக்கு நேரா சொல்லியிருக்கான். படிச்ச பிள்ள, நீயே கூட்டிப் பாரு. 100 பேரு எங்க, ஒருத்தன் எங்க? ஆண்டவரு மல்லுக்கு நிக்கல. வந்த வழியே திரும்பிப் போன்னு மூணு சோலியக் குடுத்தாரு. கூடவே, பாகாலுக்கு முட்டி மடக்காதவன் 7000 பேரு இருக்கான்னும் சொன்னாரு.

நீ வாயத் தொறக்காத. மாமா, எனக்கு யாருமில்லன்னுதான சொல்லப்போற? ஒனக்கு ஓட்டுப் போட்டவன் எல்லாம் யாருல?

அத்தை அடை சுடுதா. தின்னுட்டுப் படு. எந்திரிச்சு இன்னொரு தடவ தின்னு. காலையில அஞ்சே முக்காலுக்கு ஒங்க ஊரு பஸ் இருக்கு.