இரு மொழியும் நாலரை ஆண்டும்

கேள்வி: பள்ளிக்கூடம் போகாத என் அம்மாயி வீட்டில் தமிழ் பேசுவார், லீக்ஸ் கட்டுக்குச் சிங்களத்தில் பேரம் பேசுவார். இரு மொழி பேசினால் மறதிநோய் தள்ளிப்போகுமாமே, உண்மையா?
– வாசகி, கந்தப்பளை

பதில்: ஆதாரம் இருக்கிறது. நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியின் குழு ஹைதராபாத்தில் மறதிநோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து, 2013இல் முடிவை வெளியிட்டது. ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்களைவிட, இரு மொழி பேசியவர்களிடம் நோய் சராசரியாக நாலரை ஆண்டு பிந்தியே தலைகாட்டியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இத்தகைய தாமதம் தெரிந்தது. ஆகவே இதைப் படிப்பின் கணக்கில் எழுத முடியாது. நோயே வராது என்று அவர் சொல்லவில்லை, தாமதமாகலாம் என்கிறார். அம்மாயி தாராளமாகப் பேரம் பேசட்டும். விலை குறையாவிட்டாலும் மூளைக்கு லாபம்!