ஃப்ரிட்ஜ் கதவில் ஒன்பது அளவுகோல்

ஓய்வு பெற்ற மனிதனுக்குக் காலையில் இரண்டு வேலைகள். பேப்பர் படிப்பது ஒன்று. படித்ததை வீட்டிலுள்ளவர்களுக்கு விளக்குவது இன்னொன்று. முதல் வேலைக்கு என் வீட்டில் பூரண சுதந்திரம் உண்டு. இரண்டாவதற்குத்தான் ஆள் சேருவதில்லை. நான் வாயைத் திறந்ததும் மனைவி மிக்ஸியைப் போடுவாள். மகள் இயர்போனைச் செருகிக்கொள்வாள். நாட்டு நடப்பு தெரிந்த ஒரே ஆளை இப்படி வீணடிக்கும் குடும்பம் புனேயின் கட்கி பஜாரில் வேறு இருக்காது.

இந்தச் சமயத்தில்தான் மகளின் கல்லூரித் தாள் ஒன்று என் கையில் சிக்கியது. ரிச்சர்ட் பால், லிண்டா எல்டர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் சிந்தனைக்கு வகுத்த அளவுகோல்கள் அதில் இருந்தன: தெளிவு, உண்மை, துல்லியம், பொருத்தம், ஆழம், அகலம், தர்க்கம், முக்கியத்துவம், நியாயம். எந்தச் செய்தியையும் இந்த ஒன்பதையும் வைத்துக் கேள்வி கேட்டால் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடுமாம். மகளுக்கு அது பரீட்சைக்கு வரும் பாடம். எனக்கு அது ஆயுதம். தாளை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன்.

ஆயுதம் எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்கிக்கு ரயிலேறியதே வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்குத்தான். 1869-ல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில்தான் நானும் பேனா தேய்த்து ஓய்வு பெற்றேன். ஆகவே முதல் பரிசோதனைக்கு எனக்கு நன்றாகத் தெரிந்த செய்தியையே எடுத்தேன்.

2021 அக்டோபர் 1 அன்று, நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளை நடத்திவந்த வாரியம் கலைக்கப்பட்டு, அவை ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. கட்கியின் வெடிமருந்துத் தொழிற்சாலையும் உயர்வெடிபொருள் தொழிற்சாலையும் புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்துக்குப் போயின. அந்த ஆண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்யத் தொழிற்சங்கங்கள் தயாராக, அதைத் தடைசெய்ய அரசு ஜூன் 30-லேயே அவசரச் சட்டம் போட்டுவிட்டது. அப்போது வெட்டி வைத்த செய்திகள் பரணில் ஒரு கோப்பு நிறைய இருந்தன. தூசி தட்டி இரண்டை எடுத்தேன். ஒன்று அதை மாபெரும் சீர்திருத்தம் என்றது. இன்னொன்று தனியார்மயத்துக்கு வாசற்படி என்றது.

சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். முதல் செய்தியில் அமைச்சக அறிக்கையைத் தவிர வேறு குரலே இல்லை. அகலம்: பூஜ்யம். தொழிலாளி ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. நியாயம்: பூஜ்யம். உற்பத்தி பெருகும் என்றார்கள். எப்படிப் பெருகும் என்று சொல்லவில்லை. ஆழம்: பூஜ்யம். இரண்டாவது செய்தி ஒன்பதுக்கு ஒன்பது வாங்கியது. அது நன்றாக எழுதப்பட்டிருந்தது என்பதைத் தவிர அதில் என் பங்கு ஒன்றுமில்லை.

ஆற்றின் மறுகரையில் உள்ள தாபோடியிலிருந்து மச்சான் வந்திருந்தான். பிம்ப்ரியில் தனியார் கம்பெனியில் மேனேஜர். அவனிடமும் பேனாவைக் கொடுத்தேன். நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? அவன் என் இரண்டாவது செய்தியைக் கிழித்துத் தோரணம் கட்டினான். பங்குகள் 100 சதவீதமும் அரசிடமே இருக்கும் என்பது அதில் இல்லை. ஊழியர்கள் முதல் 2 ஆண்டுகள் அயற்பணியில் இருப்பதாகவே கருதப்படுவார்கள் என்பதும் இல்லை. பேசியவர்கள் எல்லாரும் சங்கத் தலைவர்கள். மார்க்: பூஜ்யம். முதல் செய்திக்கு ஒன்பதுக்கு ஒன்பது!

மனைவி கைதுடைத்துக்கொண்டு வந்து இரண்டு தாளையும் பார்த்தாள்.

“ஏங்க, இந்தப் பேப்பர்ல பேட்டி குடுத்திருக்காரே, இது எந்த யூனியன்?”

“நம்ம யூனியன்தான்.”

“நீங்க சந்தா கட்டின யூனியனா?”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“சும்மா கேட்டேன்” என்று உள்ளே போய்விட்டாள். அவள் ‘சும்மா’ கேட்கிற கேள்விகளைத் தொகுத்தாலே ஒரு சிந்தனைப் பள்ளி நடத்தலாம்.

போன மானத்தை மீட்க 200 வருடம் பின்னோக்கிப் போனேன். யாருக்கும் அங்கே பென்ஷன் கிடையாது; பாரபட்சத்துக்கும் வழியில்லை. 1817 நவம்பர் 5. கட்கிக்கும் கணேஷ்கிண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படையும் ஆங்கிலேயக் கம்பெனிப் படையும் மோதின. பேஷ்வா பார்வதி மலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, பாபு கோகலே படையை நடத்தினார். கம்பெனிப் பக்கம் ஏறக்குறைய 3,000 பேர். எதிர்ப்பக்கம் அதைப்போலப் பல மடங்கு. கம்பெனிக்குச் சேதம், இறந்தவர் காயம்பட்டவர் சேர்த்து, 86. பேஷ்வாவுக்கு 500. மிக்ஸி ஓடாத நேரம் பார்த்து, ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன்.

“யாரு எழுதினது?” என்றாள் மனைவி.

“கிராண்ட் டஃப். 1826-ல் மராட்டியர் வரலாறே எழுதினவர். கேள்விப்பட்டு எழுதினதில்லை, சண்டையில அங்கேயே இருந்தார்.”

“அங்கேயேன்னா, எந்தப் பக்கம்?”

கம்பெனிப் பக்கம்தான். ரெசிடெண்ட் எல்பின்ஸ்டனின் உதவியாளர்.

“அதான் 86-ன்னு சில்லறையோட இருக்கு, அந்தப் பக்கம் 500-ன்னு உருண்டையா இருக்கு. நீங்க கடைக்குப் போனா 86 ரூபாய்னு கணக்குச் சொல்வீங்க. நான் போனா ‘ஐந்நூறைக் கரைச்சிட்டு வந்துட்டா’ம்பீங்க.”

துல்லியம் என்ற அளவுகோலுக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் அந்தத் தாளிலேயே இல்லை. நம் பக்கத்தை எண்ணுகிறோம், எதிர்ப்பக்கத்தை மதிப்பிடுகிறோம். அதனால் 500 பொய் என்று ஆகிவிடாது. யார் எண்ணியது என்ற கேள்வி மட்டும் அதன் பக்கத்திலேயே நிற்கும். கிராண்ட் டஃபுக்கும் நியாயம் செய்ய வேண்டும். பேஷ்வாவின் படை திரண்டு வந்த காட்சியைக் காம்பே வளைகுடாவில் இரைந்து ஏறும் கடலுக்கு ஒப்பிட்டு வியந்தவரும் அவர்தான். அந்தக் குதிரைப்படை கம்பெனி வரிசைக்கு முன்னால் இருந்த சேற்றில் சிக்கித் தடுமாறியதையும் அவர் மறைக்கவில்லை. கட்சி இருப்பது குற்றமல்ல. கட்சிக்காரன் தனக்குச் சாதகமில்லாததையும் எழுதியிருக்கிறானா என்று பார்த்தால் ஆளை ஓரளவு எடைபோடலாம். நான் போட்ட ஒன்பதுக்கு ஒன்பதில் அப்படி ஒரு வரிகூட இல்லை. இதை மச்சானிடம் சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அவனுக்குச் சொல்ல வேறு பாடம் வைத்திருந்தேன். வாட்ஸ்ஆப்பில் வந்ததையெல்லாம் நம்புகிறவன் அவன். 1897-ல் புனேயில் பிளேக். நோயாளிகளைத் தேடிச் சிப்பாய்கள் வீடு வீடாக நுழைந்தார்கள், ஊரே கொதித்தது. வெல்பி கமிஷனில் சாட்சி சொல்ல லண்டன் போயிருந்த கோபால கிருஷ்ண கோகலேவுக்கு நண்பர்கள் கடிதம் எழுதினார்கள்: சிப்பாய்கள் பெண்களை மானபங்கப்படுத்தினார்கள் என்று. அவர் அதை அங்குள்ள பத்திரிகைக்குச் சொன்னார். ஊர் திரும்பி ஆதாரம் தேடினால், முன்வந்து சொல்ல ஆளில்லை. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

“சண்டை போட்ட கோகலேவா?” என்றாள் மனைவி.

“இவர் வேற. இவர் நண்பர்களை நம்பின கோகலே” என்றேன். “எழுதினவங்க நல்லவங்க, ஊர்ல கோபமும் நிஜம். ஆனா நல்லவங்க சொல்றதும் ஆதாரமும் ஒண்ணில்லை. குறைஞ்சது ரெண்டு இடத்துலயாவது விசாரிக்கணும், மச்சான்!”

அவன் தலையாட்டினான். மனைவியும் மறுப்புச் சொல்லவில்லை. அந்த வெற்றியில் நான் ஒரு சுற்றுப் பெருத்தேன்.

கட்கி கன்டோன்மென்ட்டின் குடியிருப்புப் பகுதியைப் புனே மாநகராட்சியோடு இணைக்கும் பேச்சு பல காலமாக ஓடுகிறது. நாட்டிலிருந்த 62 கன்டோன்மென்ட்டுகளில் இமாசலத்தின் யோல் 2023-ல் விடுபட்டதிலிருந்து அந்தப் பேச்சுக்குச் சூடு அதிகம். இணைந்தால் பழைய வீட்டுவரி பாக்கி தள்ளுபடி என்று எனக்கு ஒரு தகவல் வந்தது. எங்களுக்கும் கொஞ்சம் பாக்கி உண்டு. தெளிவாக இருந்தது, பொருத்தமாக இருந்தது, முக்கியத்துவத்தில் குறையே இல்லை. இருந்தாலும் விதி விதிதானே? இரண்டாவது இடத்தில் விசாரிக்க மச்சானுக்குப் போன் போட்டேன்.

“ஆமா மாமா, எனக்கும் அதே செய்தி வந்துச்சு. உறுதியாத்தான் சொல்றாங்க.”

போனை வைக்காமலேயே மனைவிக்கு அறிவித்தேன்: “ரெண்டு இடத்துல உறுதியாயிடுச்சு!”

அவள் போனை வாங்கினாள். “தம்பி, உனக்கு யாருடா அனுப்பினது?”

ஸ்பீக்கரில் மச்சான் குரல் தெளிவாகவே கேட்டது. “மாமாதான்க்கா. நேத்து ராத்திரி, குடும்ப குரூப்ல.”

அவள் ஃப்ரிட்ஜ் கதவுக்குப் போய், மகளின் பென்சிலால் ‘நியாயம்’ என்பதற்குக் கீழே பத்தாவதாக ஒரு வரி சேர்த்தாள்: ‘இது நிஜமா இருக்கணும்னு யாருக்கு ஆசை?’ பிறகு திரும்பி, வரி பாக்கி ரசீதுக் கட்டை என் கையில் கொடுத்து, “கவுண்டர் ஒரு மணிக்கு மூடிடுவாங்க” என்றாள். அந்தச் செய்தியை மட்டும் நான் எந்த அளவுகோலும் வைத்துச் சோதிக்கவில்லை.